முதல் கீமோவுக்கு முன் இருக்கும் அந்த இரண்டு வாரம்

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் வீட்டில் மூன்று விஷயம்தான் பேசினோம். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு பணம், யாருக்கெல்லாம் சொல்லக் கூடாது. என் தங்கைக்கு அப்போது 28 வயது. கல்யாணம் ஆகவில்லை. இடது மார்பில் கட்டி. நான்காவதாக ஒரு விஷயம் இருக்கிறது என்பதை ரத்தம் எடுக்க வந்த நர்ஸ்தான் சொன்னார். டியூபில் பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டே, "முட்டை எடுத்து வெச்சாச்சாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீமோ சினைப்பையில் உள்ள முட்டைகளைக் கெடுத்துவிடலாம், பின்னாளில் குழந்தை பெற அவற்றை முன்பே எடுத்து உறைய வைக்கலாம் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கீமோ தொடங்க இன்னும் பதினாறு நாள் இருந்தது.

கையில் புதிதாக ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பெண்களுக்கும், அவர்களுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் அக்கா, அம்மா, கணவருக்கும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை இதைப் படித்து முடிவுசெய்யாதீர்கள். எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிஞ்சும். ஆயுள் முழுக்க மாதாமாதம் முதிர்ந்து வெளியே வருவது அவற்றில் 400 அளவுதான். மீதியெல்லாம் தானாகவே கரைந்துபோகும். புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. குதிரில் இருக்கும் விதைநெல் மாதிரிதான். சிகிச்சை கை வைப்பது அந்த விதைநெல்லில்.

கீமோ மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு, மெல்ஃபலான், புசல்ஃபான், புரோகார்பசின் ஆகியவை ஒரு குடும்பம். வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைகளோடு நிற்காமல் தூங்கிக்கொண்டிருக்கும் முட்டைகளையும் இவை பாதிக்கும். மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் மருந்துக் கலவைகளில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு இருக்கும். மெத்தோட்ரெக்சேட், வின்கிறிஸ்டின், பிளியோமைசின் போன்றவற்றால் சினைப்பைக்குச் சேதம் குறைவு. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரும் ஏ.பி.வி.டி. என்ற கலவையை முடித்த இளம்பெண்களில் பெரும்பாலோருக்குப் பீரியட்ஸ் திரும்பி வந்துவிடும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் பெரிய டோஸ் மருந்துகளும் உடல் முழுக்கக் கொடுக்கும் கதிர்வீச்சும்தான் மிக மோசம். அதற்குப் பிறகு சினைப்பை மீள்வது அபூர்வம்.

ரேடியேஷனை நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். சினைப்பையில் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு பட்டாலே பாதி முட்டைகள் போய்விடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் வெளியிலிருந்து கொடுப்பது 45 முதல் 50 கிரே. அது கர்ப்பப்பையையும் விடாது. தசை விரியும் தன்மை போய்விடும், ரத்த ஓட்டம் குறையும். மார்பில் வைக்கும் கரண்டில் சினைப்பைக்குச் சிதறி வருவது மிகச் சொற்பம். தலையில் வைத்தால் முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவற்றுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படலாம்.

இன்னொன்று வயது. ஒரே மருந்தை ஒரே அளவில் 25 வயதுப் பெண்ணும் 41 வயதுப் பெண்ணும் போட்டுக்கொண்டால், இருப்பு அதிகம் உள்ளவர் தப்பிப்பார். மற்றவருக்கு அதோடு மாதவிலக்கு நின்றுபோகலாம்.

படி 1: புற்றுநோய் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்

அவராகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. தங்கை கல்யாணமாகாதவள் என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தாரோ என்னவோ. கல்யாணமாகி ஒரு குழந்தை இருப்பவர்களிடமும் யாரும் கேட்பதில்லை. "அதான் ஒண்ணு இருக்கே" என்று மற்றவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்குத் தரப்போகும் மருந்துகளின் பெயர் என்ன? அவை சினைப்பையைப் பாதிக்குமா, எவ்வளவு? சிகிச்சையை எத்தனை நாள் தள்ளிப்போட்டால் ஆபத்தில்லை? ஹார்மோன் மாத்திரை பின்னால் உண்டா, எத்தனை வருஷம்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். மற்ற எல்லாமே அந்தப் பதிலை வைத்துத்தான் நகரும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் இரண்டு வாரம் கிடைத்துவிடும். ஆபரேஷன் முதலில், கீமோ பிறகு என்றால் நடுவில் உள்ள வாரங்களே போதும். கடுமையான ரத்தப் புற்றுநோயில் இரண்டு நாள்கூடக் கிடைக்காது. அப்படி அவர் சொன்னால் வாதாடாதீர்கள்.

கேட்டதோடு நிற்காமல், கருத்தரிப்பு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், நிலை, மருந்துகள், கீமோ தொடங்கும் தேதி, கட்டியில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா (அதாவது ஹார்மோனால் வளரும் வகையா) என்பது அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு பக்கம் கையில் இல்லாமல் போனால் அங்கே முதல் நாள் வீணாகும்.

படி 2: கருத்தரிப்பு மையத்தில் அந்தப் பன்னிரண்டு நாள்

முதல் நாள் ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். ஸ்கேனில் சினைப்பையில் தெரியும் சின்னச் சின்ன நுண்பைகளை எண்ணுவார்கள். இரண்டும் சேர்ந்தால், ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஓரளவு தெரியும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனைகளும் உண்டு. முட்டைகளை வைக்கப்போகும் லேபுக்காக அவை. சந்தேகப்பட்டு எடுப்பதாக நினைத்துக் கோபப்பட வேண்டாம். எங்கள் அம்மா கோபப்பட்டார்.

முன்பெல்லாம் பீரியட்ஸ் வரும்வரை காத்திருந்து இரண்டாம் நாளில்தான் ஊசி தொடங்குவார்கள். இப்போது கேன்சர் நோயாளிகளுக்கு மாதத்தின் எந்த நாளிலும் தொடங்குகிறார்கள். "பீரியட்ஸ் வரட்டும், அப்புறம் வாங்க" என்று யாராவது சொன்னால், எந்த நாளிலும் தொடங்கும் முறை உங்களிடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு மையம் பாருங்கள்.

ஊசி தினமும் வயிற்றுத் தோலுக்கடியில். சிறிய பேனா மாதிரி இருக்கும், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். குளிரில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டு காலியாக இருந்தது, அம்மா அதிலேயே வைத்துவிட்டார். அந்தப் பத்து நாளும் தங்கை சிரித்தது அதைப் பார்த்துத்தான். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஸ்கேன். ஹார்மோனால் வளரும் வகை மார்பகப் புற்றுநோய் என்றால், ஊசியோடு லெட்ரோசோல் மாத்திரையும் கொடுத்து ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். "ஹார்மோன் ஊசி போட்டா கட்டி வளருமே" என்ற பயம் உங்களுக்கும் இருந்தால், "லெட்ரோசோல் சேர்ப்பீர்களா?" என்று கேளுங்கள்.

முட்டைகள் பருத்ததும் ஒரு கடைசி ஊசி போடுவார்கள். அதை அவர்கள் சொன்ன மணிக்கு, நிமிஷம் தப்பாமல் போட வேண்டும். அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுப்பார்கள். சிறிய மயக்கம், இருபது நிமிஷ வேலை, அன்றே வீடு. வயிறு உப்பினாற்போல் இருக்கும். மூச்சுத் திணறல், கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைவது இருந்தால் இரவென்றும் பாராமல் போன் செய்யுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவர்கள் கீமோவுக்குத் தயார்.

தங்கைக்குப் பதினோரு முட்டை வந்தது. முதிர்ந்தவை ஒன்பது. அவற்றை −196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்தார்கள். ஒன்பது முட்டை என்றால் ஒன்பது குழந்தை என்று என் சித்தி கணக்குப் போட்டார். அப்படி இல்லை. உருக்கும்போது சில போகும், கருவாகாமல் சில போகும், கருவாகியும் ஒட்டாமல் சில போகும். ஒரு குழந்தைக்கு நல்ல வாய்ப்பு என்றுதான் டாக்டர் சொன்னார். உத்தரவாதம் என்ற சொல்லை அவர் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. அது எனக்குப் பிடித்தது.

பணம் ஒரு லட்சத்தைத் தாண்டும், ஊசிதான் அதில் பெரும்பகுதி. ரசீதைப் பிரித்துக் கேளுங்கள்: ஊசி, எடுப்பது, உறைய வைப்பது, ஆண்டுச் சேமிப்புக் கட்டணம் எவ்வளவு, பிற்பாடு உருக்கிக் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்க எவ்வளவு. கடைசியாகச் சொன்னதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. காப்பீடு இதற்குக் கை கொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள், எழுத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

படி 3: முட்டையா, கருவா, கையெழுத்துப் போடுவதற்கு முன்

கணவர் இருந்தால், "விந்தணு சேர்த்துக் கருவாகவே வைத்துவிடலாமா?" என்று கேட்பார்கள். அது நன்கு தேர்ந்த முறை. ஆனால் கரு இருவருக்கும் பொது. நாளை பிரிந்துபோனால் ஒருவர் மட்டும் அதைப் பயன்படுத்த முடியாது. முட்டை உங்களுக்கு மட்டும் சொந்தம். பாதி முட்டை, பாதி கரு என்றும் வைக்கலாம். இந்தியாவில் 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 21 வயதைத் தாண்டிய பெண் கல்யாணமாகாமலேயே இந்த மையங்களில் சிகிச்சை பெறலாம். அப்பா கையெழுத்தோ வருங்காலக் கணவர் கையெழுத்தோ வேண்டியதில்லை. கருவைச் சேமிக்க அதே சட்டம் 10 ஆண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் ஒரு கட்டம் வரும்: நீங்கள் இறந்துவிட்டால் இதை என்ன செய்வது? அழித்துவிடலாம், ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று சில வரிகள், பக்கத்தில் டிக் போட இடம். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அங்கே அச்சில் இருக்கும். என் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிக் போட்டாள், எதில் என்று என்னிடம் காட்டவில்லை. அந்தப் படிவத்தை முதல் நாளே வீட்டுக்கு வாங்கிப் போய்ப் படித்துவிடுங்கள். ஊசி போட்ட களைப்பில், வரிசையில் உட்கார்ந்து படிக்கிற தாள் அல்ல அது.

கல்யாணமாகாத பெண் விஷயத்தில் வீடு தடுமாறும் இடம் இன்னொன்று இருக்கிறது. ஸ்கேனும் முட்டை எடுப்பதும் வழக்கமாகப் பிறப்புறுப்பு வழியாக. அம்மாக்கள் பதறுகிறார்கள், ஆனால் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஸ்கேனை வயிற்றின் மேலாகவும் செய்யலாம். முட்டை எடுப்பதையும் சினைப்பை இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு வயிற்று வழியாகச் செய்ய முடியும். பெண் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். முடிவு அந்தப் பெண்ணுடையது, வீட்டுக் கூட்டத்துடையது அல்ல. எங்கள் பெரியப்பா "மொதல்ல உயிர் பொழைக்கட்டும்" என்றார். தப்பான வார்த்தை இல்லை. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் வாழ வேண்டியிருக்கிறது.

நேரம் இல்லாதவர்களுக்கு, வேறு உறுப்பில் நோய் உள்ளவர்களுக்கு

ஊசி போட நாள் இல்லையென்றாலும், பெண் இன்னும் வயதுக்கே வரவில்லையென்றாலும், சினைப்பையின் மேல்தோலைத் துளைவழி ஆபரேஷனில் எடுத்து உறைய வைக்கும் முறை உண்டு. சிகிச்சை முடிந்து பின்னாளில் திரும்பப் பொருத்தினால் சில மாதங்களில் அது வேலை செய்யத் தொடங்கும். 1997இல் ஹாட்ஜ்கின் நோய்க்குச் சிகிச்சை தொடங்குமுன் அப்படி எடுத்து வைத்த ஒரு பெல்ஜியப் பெண்ணுக்கு 2004இல் குழந்தை பிறந்தது. இந்த முறையில் முதல் குழந்தை அதுதான். நம் நாட்டில் சில பெரிய மையங்களில் மட்டும் செய்கிறார்கள். ரத்தப் புற்றுநோயில் திசுவோடு நோயும் திரும்பி வரும் ஆபத்து இருப்பதால் பொருத்துவதற்குத் தயங்குவார்கள்.

சினைப்பையைத் தூங்க வைக்கும் கோசரலின் போன்ற மாத ஊசி ஒன்றும் உண்டு. கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்னால் தொடங்கி, சிகிச்சை முடியும்வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். மார்பகப் புற்றுநோயில் இதனால் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதை முட்டை சேமிப்பதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது, கூடவே வைத்துக்கொள்ளலாம்.

இடுப்பில் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றால், சினைப்பைகளை மேலே நகர்த்தித் தைத்துவிட முடியுமா என்று கேளுங்கள். ஆரம்ப நிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில், கட்டி சிறியதாக இருந்தால், வாய்ப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் ஆபரேஷன் சிலருக்குப் பொருந்தும். அதற்குப் பிறகு வரும் கர்ப்பத்தில் குறைப்பிரசவ ஆபத்து அதிகம், பிரசவமும் சிசேரியன்தான். கர்ப்பப்பை உள்சுவரில் வந்த புற்றுநோய் தொடக்க நிலை, மெதுவாக வளரும் வகை என்றால் சில காலம் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பின் (கருவுக்குப் பதில் நஞ்சுத் திசு கொத்துக் கொத்தாக வளர்வது அது) மெத்தோட்ரெக்சேட் போட்டுக்கொண்டவர்கள் தைரியமாக இருக்கலாம். பெரும்பாலோருக்குப் பிறகு இயல்பாகவே குழந்தை தங்குகிறது. ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைக் கண்காணிக்கும் காலம் முடியும்வரை, சிகிச்சைக்குப் பின் வழக்கமாக ஓராண்டு, கர்ப்பம் கூடாது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் மருந்து எடுத்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போது

பீரியட்ஸ் நின்றுவிட்டது, இனி கர்ப்பமாகாது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நின்ற பிறகும் முட்டை வரலாம். கணவரோடு இருப்பவர்கள் ஆணுறையோ காப்பர் டி-யோ பயன்படுத்துங்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் கருத்தடை மாத்திரை வேண்டாம். கீமோவின் நடுவில் ஏ.எம்.ஹெச். எடுத்துப் பார்த்துவிட்டு அழவும் வேண்டாம். அப்போது அது அடிமட்டத்துக்குப் போயிருக்கும், முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால்தான் அர்த்தம். அதே மாதிரி, பீரியட்ஸ் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. விதைநெல் குறைந்திருந்தால் நாற்பதுக்கு முன்பே நின்றுபோகலாம்.

கர்ப்பமாக இருக்கும்போதே புற்றுநோய் தெரியவந்தால் உடனே கலைத்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரையும் பாருங்கள். முதல் மூன்று மாதம் கீமோ கூடாது, குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது. அதற்குப் பிறகு மார்பகப் புற்றுநோய்க்கான சில முக்கிய மருந்துகளைக் கொடுக்கலாம், கொடுத்துக் குழந்தை நலமாகப் பிறந்தும் இருக்கிறது. பிரசவத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு நிறுத்துவார்கள். ஆபரேஷன் செய்யலாம். கரண்ட், டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை, ட்ராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் ஊசி ஆகியவற்றைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிவிடுவார்கள்.

எப்போது குழந்தைக்கு முயலலாம்

கீமோ முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷமாவது விடச் சொல்வார்கள். மருந்து பட்ட முட்டைகள் வெளியேற வேண்டும் என்பதற்காக. மார்பகப் புற்றுநோயில் நோய் திரும்பும் ஆபத்து முதல் வருஷங்களில் அதிகம் என்பதால் இரண்டு வருஷம் என்று கணக்கு வைப்பது வழக்கம். ட்ராஸ்டுசுமாப் போட்டவர்கள் கடைசி டோஸிலிருந்து ஏழு மாதம்.

ஐந்து முதல் பத்து வருஷம் டமாக்சிஃபென் என்றால் முப்பதைத் தொட்ட பெண் என்ன செய்வாள்? இதற்கு 2023இல் ஒரு நல்ல பதில் வந்தது. பாசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வில், 42 வயதுக்கு உட்பட்ட ஐந்நூற்றுச் சொச்சம் பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை வருஷம் ஹார்மோன் சிகிச்சை எடுத்துவிட்டு, அதை நிறுத்தி, மூன்று மாதம் இடைவெளி விட்டு, குழந்தைக்கு முயன்றார்கள். இரண்டு வருஷம்வரை அவகாசம். மூன்று வருஷத்தில் நோய் திரும்பியவர்கள் சுமார் 9 சதவீதம், மாத்திரையை நிறுத்தாதவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான். 64 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. நீண்டகாலக் கண்காணிப்பு தொடர்கிறது. ஆகவே உங்கள் டாக்டரிடம் இந்த ஆய்வின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பமானதால் புற்றுநோய் திரும்பும் என்று இன்னமும் ஊரில் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

முயலத் தொடங்குமுன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுங்கள். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்கும் நெஞ்சில் கரண்ட் வைத்தவர்களுக்கும் இதயம் பலவீனப்பட்டிருக்கலாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறும்போது அது வெளியே தெரியும். இடுப்பில் கரண்ட் வைத்தவர்களுக்குக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் அதிகம். பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிகிச்சை பெற்ற தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வரும் என்பது வெறும் பயம். மற்றக் குழந்தைகளை விட அதிகமாக அப்படி வருவதில்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் அது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. பால் கொடுப்பதில், கரண்ட் வைத்த மார்பில் பால் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். மறுபக்கத்து ஒரு மார்பே குழந்தைக்குப் போதும். ஹார்மோன் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டால் தாய்ப்பால் நிறுத்த வேண்டும்.

முட்டை சேமிக்காமலேயே சிகிச்சை முடிந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். சினைப்பை நின்றுபோனால் தானமாகப் பெற்ற முட்டை, தத்து ஆகிய வழிகள் உண்டு. புற்றுநோயால் கர்ப்பப்பையை இழந்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டம் பணம் கைமாறாத முறையில், நிபந்தனைகளோடு வழி வைத்திருக்கிறது. குழந்தை வேண்டாம் என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். முப்பதில் மாதவிலக்கு நின்றால் எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. ஹார்மோனோடு தொடர்பில்லாத புற்றுநோய் என்றால் ஹார்மோன் மாற்று மருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மையத்தின் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது, எந்த மாதம் என்பதை இருவர் போனில் போட்டு வையுங்கள். மையம் இடம் மாறினாலும் உங்கள் நம்பர் மாறினாலும் எழுதித் தெரிவியுங்கள், ரசீதைக் கேன்சர் ஃபைலிலேயே வையுங்கள். என் போனில் ஒவ்வோர் ஆகஸ்டும் காலை ஒன்பது மணிக்கு "முட்டை வாடகை" என்று மணி அடிக்கும். தங்கைக்கு அனுப்புவேன். "கட்டிட்டேன்க்கா" என்று பதில் வரும். வேறொன்றும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.